மூன்று சத்துகளின் பங்கீடு: மியூனிக்கிலிருந்து குன்னூர் வரை

ஒரு நாளில் உடல் செலவிடும் ஆற்றலை மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் பிரித்து, இன்ன சத்திலிருந்து இத்தனை விழுக்காடு வரவேண்டும் என்று உணவைத் திட்டமிடும் வழக்கம், இன்று மருத்துவமனைகளின் உணவு அட்டைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் பரவி, இயற்கையே வகுத்துக் கொடுத்த கணக்கைப் போலத் தோன்றுகிறது. ஆயினும் இக்கணக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வயதுதான் ஆகிறது. ஜெர்மானிய ஆய்வுக்கூடங்களில் பிறந்து, அமெரிக்காவில் எளிய வாய்பாடாகச் சுருங்கி, சிறைகளிலும் பஞ்ச நிவாரண முகாம்களிலும் சோதிக்கப்பட்டு, நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் இந்தியச் சமையலறைக்கு ஏற்ற வடிவத்தை அது பெற்றது. இந்த வரலாற்றை முழுவதும் நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும்: விழுக்காடு தனித்து நின்று எதையும் சொல்லிவிடுவதில்லை. மொத்த உணவு எவ்வளவு, அந்தப் பங்கு எந்தத் தானியத்திலிருந்தும் எந்தப் பருப்பிலிருந்தும் வருகிறது, அதை வாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்னும் மூன்று வினாக்களோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அது பொருள் பெறுகிறது.

ஆற்றல் என்னும் பொது அளவை

உணவின் கூறுகளைப் பகுப்பதும் உடலின் வெப்பத்தை அளப்பதும் தொடக்கத்தில் வெவ்வேறு வழிகளில் நடந்த முயற்சிகள். 1780-களில் பாரிஸ் நகரில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடற்சூட்டில் உருகி வழிந்த நீரை எடைபோட்டு, மூச்சு விடுவதும் மெதுவாக நிகழும் ஒரு வகை எரிதலே என்ற முடிவுக்கு வந்தனர். 1827-இல் வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், உணவுப் பொருள்களைச் சர்க்கரைத் தன்மை உள்ளவை, எண்ணெய்த் தன்மை உள்ளவை, முட்டை வெண்கருவின் தன்மை உள்ளவை என மூன்றாக வகைப்படுத்தினார். இவற்றுள் மூன்றாவது வகைக்கு, ‘முதலிடத்தில் இருப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து உருவான ‘புரோட்டீன்’ என்னும் பெயரை 1838-இல் டச்சு வேதியியலர் கெரிட் முல்டர் அச்சில் ஏற்றினார்; தமிழில் அது புரதம் ஆயிற்று.

பெயரிலேயே முதலிடம் பெற்றுவிட்ட புரதத்துக்குக் கோட்பாட்டிலும் நெடுங்காலம் முதலிடமே கிடைத்தது. தசை இயங்கும்போது தசையில் உள்ள புரதமே செலவாகிறது என்றும், ஆகவே கடின உழைப்பாளிக்கு இறைச்சி மிகுதியாக வேண்டும் என்றும் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் 1840-களில் கற்பித்தார். 1865-இல் ஃபிக், விஸ்லிசெனஸ் என்னும் இரு அறிஞர்கள் புரதமற்ற உணவை மட்டும் உண்டுவிட்டுச் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் சிகரத்தில் ஏறினர். புரதம் சிதையும்போது அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறும் என்பதால், தம் சிறுநீரைச் சேர்த்து நைட்ரஜனை அளந்து, சிதைந்த புரதம் எவ்வளவு என்று கணக்கிட்டபோது, அந்த மலையேற்றத்துக்குத் தேவைப்பட்ட ஆற்றலுக்கு அது போதவே போதாது என்று தெரிந்தது. மாவுச்சத்தும் கொழுப்பும்தாம் உழைப்புக்கான எரிபொருளில் பெரும்பகுதியை அளிக்கின்றன என்ற உண்மைக்கு இவ்வாறு வழி பிறந்தது.

ஆனால் மூன்று சத்துகளையும் ஒரே தராசில் வைப்பதற்கு ஒரு பொது அளவை வேண்டியிருந்தது. அதை அளித்தவர் மியூனிக் நகரில் கார்ல் ஃபாய்ட்டிடம் பயின்ற மாக்ஸ் ருப்னர் ஆவார். உடலுக்கு எரிபொருளாகப் பயன்படும் அளவில் ஒரு சத்துக்கு ஈடாக மற்றொரு சத்து நிற்க முடியும் என்றும், அந்த ஈட்டு மதிப்பு ஒவ்வொன்றும் வெளியிடும் வெப்பத்தைப் பொறுத்தது என்றும் அவர் 1880-களில் நிறுவினார். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராம் ஒன்றுக்கு 4.1, கொழுப்புக்கு 9.3 என்று அவர் வகுத்த மதிப்புகள் கலோரி என்னும் அலகில் அமைந்தவை. உணவியலில் கலோரி என்பது ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பத்தைக் குறிக்கும். நுட்பமாகச் சொன்னால் அது கிலோகலோரி. இந்தப் பொது அளவை வந்த பிறகுதான், ஒரு நாளின் உணவை ஒரே மொத்தமாகக் கூட்டி, அதில் ஒவ்வொரு சத்தின் பங்கு என்ன என்று கேட்பதே இயல்வதாயிற்று.

ஃபாய்ட், மிதமாக உழைக்கும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம், 56 கிராம் கொழுப்பு, 500 கிராம் மாவுச்சத்து என ஓர் அளவுகோலை வகுத்திருந்தார். ருப்னரின் மதிப்புகளைக் கொண்டு கூட்டினால் இது 3,055 கலோரி ஆகும். பங்குகளாகப் பிரித்தால் புரதம் ஏறத்தாழ 16, கொழுப்பு 17, மாவுச்சத்து 67 விழுக்காடு வரும். நல்ல கூலி பெற்ற ஜெர்மானியத் தொழிலாளர்கள் உண்மையில் என்ன உண்டார்கள் என்பதைக் கண்டறிந்து, அதையே அவர்கள் உண்ண வேண்டிய அளவாக ஃபாய்ட் கொண்டார் என்பது இங்கே கருதத்தக்கது. வழக்கத்தில் இருந்தது தேவையாக மாறிய இந்த நகர்வு, பின்வந்த பல அளவுகோல்களிலும் மறைந்து நின்றது.

4, 9, 4

மியூனிக்கில் ஃபாய்ட்டின் ஆய்வுக்கூடத்தில் சில காலம் பயின்று திரும்பிய அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர், கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், எட்வர்டு ரோசா என்னும் இயற்பியலாளரோடு சேர்ந்து 1890-களில் ஓர் அறையை அமைத்தார். ஒருவர் படுக்கவும் உட்காரவும் மட்டுமே இடமிருந்த அந்த உலோகச் சுவர் அறைக்குள் ஆட்கள் நாள்கணக்கில் தங்கினர். உணவு ஒரு சிறு திறப்பின் வழியாக உள்ளே சென்றது. குழாய்களில் ஓடிய நீர் அவர்களுடைய உடல் வெப்பத்தை வெளியே கொண்டுவந்தது. அவர்கள் விட்ட மூச்சும் கழிவும் அளக்கப்பட்டன. நிலையான மிதிவண்டியை மிதிக்கச் செய்து, உழைப்பின்போது ஏற்படும் செலவையும் கணக்கிட்டனர். உடலுக்குள் சென்ற ஆற்றலும் வெளிவந்த ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடாக நின்றன என்பதை இந்தச் சோதனைகள் உறுதிசெய்தன.

இன்று உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் கலோரிக் கணக்கின் அடித்தளம் அட்வாட்டரின் பணியே. புரதத்தைக் கலத்தில் வைத்து முழுதும் எரித்தால் கிராமுக்கு 5.65 கலோரி கிடைக்கிறது. ஆனால் உடல் அதை முழுதும் எரிப்பதில்லை. யூரியாவாகச் சிறுநீரில் போகும் பகுதியோடு ஏறத்தாழ 1.25 கலோரி கழிந்துவிடுகிறது. எஞ்சியதிலும் செரிக்காமல் வெளியேறுவது போக, சுமார் 92 விழுக்காடே உடலுக்குச் சேர்கிறது. இவ்வாறு கழித்து வந்த மதிப்பை 4 என்று முழுமையாக்கினர். மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்னும் எண்களும் இதே முறையில் பெறப்பட்டவை. இவை கலப்பு உணவுக்குரிய சராசரிகள் என்பதை அட்வாட்டர் அறிந்திருந்தார். பின்வந்தோர் கையில் அவை மாறா எண்களாக இறுகிவிட்டன.

புரதத்தின் அளவைப் பற்றிய வழக்கு அப்போதும் முடியவில்லை. ஃபாய்ட்டின் 118 கிராமை அட்வாட்டர் 125 ஆக உயர்த்தினார். யேல் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் சிட்டெண்டன், தம்மையும் படைவீரர்களையும் விளையாட்டு வீரர்களையும் மாதக்கணக்கில் சோதித்து, அதில் ஏறத்தாழ பாதியே போதும் என்று 1904-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இந்த வழக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறிஞர்களின் விவாதமாக இருந்தது. இந்தியாவில் அது உயிர் பிழைப்பதற்கான வினாவாக முன்னரே எழுந்திருந்தது.

தாது வருடப் பஞ்சமும் ஒரு பவுண்டு தானியமும்

தமிழ் மக்களின் நினைவில் தாது வருடப் பஞ்சம் என்று நிலைத்துவிட்ட 1876–78-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலைகளில் மண் சுமந்தும் கல் உடைத்தும் உழைத்தவர்களுக்கு எவ்வளவு கூலி தருவது என்னும் கேள்வி, மனித உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்னும் கேள்வியாகவே மாறியது. இந்திய அரசின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கும் நோக்கில், ஆடவன் ஒருவனின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதன்மேல் ஒரு சிறு தொகையும் என்று 1877-இன் தொடக்கத்தில் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அரிசியாகக் கொண்டால் இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 1,600 கலோரி. கடின உழைப்பில் ஈடுபடும் உடலுக்கு அது எவ்வகையிலும் போதாது.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் கார்னிஷ், மாகாணத்துச் சிறை உணவுகளை முன்னரே ஆராய்ந்து அறிந்தவர். முகாம்களில் கண்ட மெலிந்த உடல்களைச் சான்றாக வைத்து அவர் இந்தக் குறைப்பைக் கடுமையாக எதிர்த்தார். கலோரி என்னும் கணக்கு இந்திய நிர்வாகத்துக்குள் வராத காலம் அது. ஆகவே அவர் நைட்ரஜன் உள்ள உணவு, அதாவது பருப்பு வகைகள் போன்ற புரத உணவு, வெறும் அரிசியோடு சேர வேண்டும் என்னும் மொழியில் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் இழந்த உயிர்களைக் கணக்குகள் மீட்டுத் தரவில்லை. சத்துகளின் பங்கீடு பற்றிய விவாதம் தமிழ் மண்ணில் கால்வைத்த முதல் பெருந்தருணங்களுள் ஒன்றாகிய இதில், மொத்த அளவும் புரதத்தின் பங்கும் ஒருசேரக் கேள்விக்கு உள்ளாயின என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சரிசெய்ய முடியாது என்பதைக் கார்னிஷ் உணர்ந்திருந்தார்.

அடுத்த தலைமுறையில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டேவிட் மெக்கே, வங்காளத்திலும் வட இந்தியாவிலும் சிறைவாசிகளின் உணவை ஆராய்ந்து, 1912-இல் வெளியிட்ட நூலில், புரதத்தை மிகுதியாக உண்ணும் மக்களே உடல் வலிமையும் ஊக்கமும் உடையவர்கள் என்று வாதிட்டார். உணவின் விளைவை இனத்தின் இயல்போடு கலந்து பேசிய சில குடியினரே பிறவியில் போர்வீரர்கள் என்னும் அக்கால ஆட்சியாளரின் போர்க்குடிக் கோட்பாட்டுக்கு இது துணைபோயிற்று. அரிசி உண்போர் இயல்பிலேயே மெலிந்தவர்கள் என்னும் எண்ணத்துக்கு அறிவியலின் முத்திரை கிடைத்ததாக ஆட்சியாளர் கருதினர்.

குன்னூரின் ஓர் அறை

இந்த எண்ணத்தை உள்ளிருந்தே ஆட்டங்காணச் செய்த ஆய்வுகள் குன்னூரில் நடந்தன. அயர்லாந்தில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கில்கிட் பகுதியில் கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன், 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். பெரிபெரி என்பது தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவால் நரம்புகளும் இதயமும் தளர்ந்து போகும் நோய். அந்தச் சிறு பிரிவு 1925-இல் குறைபாட்டு நோய்கள் ஆய்வாகவும், 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்களாகவும் வளர்ந்தது.

இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவைச் சமைத்து, ஒரே இனத்தைச் சேர்ந்த வெள்ளெலிகளின் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தது மெக்காரிசனின் புகழ்பெற்ற சோதனை. முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகவும், பாலும் பருப்பும் காய்கறியும் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி நிலையில் நின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது மெக்கேயின் முடிவையே திரும்பச் சொல்வது போலிருக்கும். ஆனால் எலிகள் அனைத்தும் ஒரே குருதி வழியின. வேறுபட்டது தட்டு மட்டுமே. ஆகவே மெலிவு பிறப்பில் இல்லை, உணவில் இருக்கிறது என்பதும், உணவு மாறினால் உடலும் மாறும் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டன.

இந்த ஆய்வுகள் வேறொன்றையும் உணர்த்தின. மூன்று சத்துகளின் விகிதம் ஒரே அளவாக இருந்தாலும் இரண்டு உணவுகள் உடலுக்கு இரு வேறு விளைவுகளைத் தரலாம். இதற்கு மிகத் தெளிவான சான்று அரிசியே. சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதியில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியிலுள்ள தவிட்டுப் படலத்தின் தயமின் அரிசிமணிக்குள் ஊடுருவிவிடுகிறது. அதன் பிறகு தீட்டினாலும் அதில் ஒரு நல்ல பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு அரிசியிலும் மாவுச்சத்தும் புரதமும் ஏறத்தாழ ஒன்றே. நெல் அவிக்கும் அண்டாவைக் கைவிடாத குடும்பங்களை ஒரு கொடிய நோய் அணுகவில்லை என்பதைக் குன்னூர் ஆய்வாளர்கள் 1940-இல் இந்திய அரிசிப் பிரச்சினை பற்றி வெளியிட்ட அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்தனர்.

பத்து அவுன்ஸ் அரிசி, ஐந்து அவுன்ஸ் கம்பு

மெக்காரிசன் 1935-இல் ஓய்வு பெற்றதும் அவருடைய இடத்துக்கு வந்தவர் வாலஸ் அய்க்ராய்டு. சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சுகாதார அமைப்பில் பணியாற்றி, மக்கள் நலத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எத்தியென் பர்னே என்பவரோடு சேர்ந்து அறிக்கை எழுதியவர் அவர். சாதாரண வாழ்க்கை நடத்தும் வளர்ந்தோர்க்கு 2,400 கலோரி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் புரதம் என்று 1935-இல் அச்சங்கத்தின் வல்லுநர் குழு வகுத்த அளவுகோலை நன்கு அறிந்த அவர், அதை அப்படியே இந்தியாவில் பதிப்பித்துவிட்டு அமையவில்லை. இந்திய உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பகுப்பாய்வு செய்து, அவற்றின் சத்துகளை அட்டவணையாக்கி, அவற்றைக் கொண்டு எவ்வாறு உணவைத் திட்டமிடுவது என்று விளக்கும் சிறு நூலை 1937-இல் அரசின் சுகாதார வெளியீடுகளின் 23-ஆம் எண்ணாகக் கொண்டுவந்தார். மருத்துவர்களும் விடுதிக் காப்பாளர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்திய அந்நூல், பல முறை திருத்தி வெளியிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது.

அந்நூலில் அருகருகே வைக்கப்பட்ட இரண்டு உணவுப் பட்டியல்கள் இவ்வரலாற்றின் மையமானவை. முதலாவது, அரிசியை நம்பி வாழும் ஏழை ஒருவரின் சமநிலையற்ற உணவு: தீட்டிய பச்சரிசி 15 அவுன்ஸ், பருப்பு ஓர் அவுன்ஸ், மற்றவை மிகச் சொற்பம். ஓர் அவுன்ஸ் என்பது 28 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே அரிசி மட்டும் 425 கிராம். இந்த உணவில் கிடைப்பவை 38 கிராம் புரதம், 19 கிராம் கொழுப்பு, 357 கிராம் மாவுச்சத்து, மொத்தம் 1,750 கலோரி. இரண்டாவது, சமநிலை உணவு: அரிசி 10 அவுன்ஸ், கம்பு 5 அவுன்ஸ், பால் 8, பருப்பு 3, கத்தரி முதலிய காய்கள் 6, கீரை 4, எண்ணெய் 2, பழம் 2. இதில் கிடைப்பவை 73 கிராம் புரதம், 74 கிராம் கொழுப்பு, 408 கிராம் மாவுச்சத்து, மொத்தம் 2,590 கலோரி.

இவற்றை 4, 9, 4 என்னும் எண்களால் பெருக்கிப் பங்குகளாக்கினால், முதல் உணவில் மாவுச்சத்து ஏறத்தாழ 82, கொழுப்பு 10, புரதம் 9 விழுக்காடாகவும், இரண்டாம் உணவில் மாவுச்சத்து 63, கொழுப்பு 26, புரதம் 11 விழுக்காடாகவும் வருகின்றன. விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர், புரதம் 9-இலிருந்து 11-க்குத்தானே உயர்ந்தது, இதில் பெரிய மாற்றம் என்ன என்று கருதக்கூடும். ஆனால் கிராம் கணக்கில் அது 38-இலிருந்து 73 ஆக, ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்துள்ளது. மாவுச்சத்தின் பங்கோ 82-இலிருந்து 63-ஆக இறங்கியிருக்கிறது. ஆனால் உண்மையில் உண்ணும் மாவுச்சத்து 51 கிராம் கூடியிருக்கிறது. பங்கு ஒரு திசையிலும் அளவு வேறொரு திசையிலும் செல்ல முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் கணக்கு அரிது. மொத்தத்தைச் சொல்லாமல் விகிதத்தை மட்டும் சொல்பவர் பாதிச் செய்தியையே சொல்கிறார்.

அய்க்ராய்டின் பட்டியலில் போற்றத்தக்க மற்றொரு கூறு உண்டு. அவர் அரிசியை விலக்கவில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வானம் பார்த்த பூமியில் விளையும் கம்பை வைத்தார். அரிசியின் ஆற்றலில் புரதத்தின் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடு, கம்பில் 13, துவரம் பருப்பில் 27 என்பதால், கம்பையும் பருப்பையும் கூட்டும்போது இறைச்சியின் துணையின்றியே புரதம் உயர்ந்துவிடுகிறது. எண்ணெயாகத் தேர்ந்ததும் நல்லெண்ணெயே. கீரையும் பாலும் மூன்று சத்துகளின் கணக்கில் சிறு இடமே பெற்றாலும், வைட்டமின்களுக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் அவையே ஆதாரம் என்பதால் பட்டியலில் உறுதியான இடம் பெற்றன. ஆய்வுக்கூடத்தில் பிறந்த விகிதம், சந்தையில் கிடைக்கும் பொருளாகவும் அடுப்பில் ஏற்றும் அளவாகவும் முதன்முறையாக இவ்வாறு இந்தியாவில் உருமாறியது.

இந்தப் பட்டியல்களுக்கு எல்லைகளும் இருந்தன. கணக்கு முழுதும் வளர்ந்த ஆடவன் ஒருவனை ஓர் அலகாகக் கொண்டது, பெண்ணுக்கு 0.8, பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப இன்னும் குறைவு என்று குடும்பத்தின் தேவை கூட்டப்பட்டது. வீட்டுக்குள் எல்லோரும் உண்ட பிறகு எஞ்சியதை உண்ணும் பெண்ணின் தட்டில் உண்மையில் என்ன விழுந்தது என்பதை அந்தக் கூட்டல் வெளிப்படுத்தாது. மேலும், சமநிலை உணவு ஏழை உண்ணும் உணவைவிட மிகுந்த செலவுடையது. உணவுக் குறையின் வேர் அறியாமையில் மட்டுமல்லாமல் வறுமையில் இருக்கிறது என்பதை அய்க்ராய்டு உணர்ந்திருந்தார். 1943-இன் வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவில் உறுப்பினராகவும் பணியாற்றிய அவர், பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநரானார்.

புரதக் குறையா, உணவுக் குறையா

இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகின் கவனம் மீண்டும் புரதத்தின்மீது குவிந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் வீக்கமும் தோல் உரிதலுமாகத் தோன்றும் குவாஷியோர்க்கர் என்னும் நோயை 1930-களில் சிசிலி வில்லியம்ஸ் விவரித்திருந்தார். ஏழை நாடுகளின் அடிப்படைக் குறை புரதமே என்னும் கருத்து 1950-களிலும் 60-களிலும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் வரை வேரூன்றியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நிலக்கடலைப் புண்ணாக்கு மாவையும் கடலை மாவையும் கலந்து பல்பயன் உணவு ஒன்றை உருவாக்கியது இந்தக் காலத்தின் முயற்சியே.

இக்கருத்தைத் தரவுகளால் மறுத்தவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடங்கிய சி. கோபாலன். தானியமும் பருப்பும் உண்ணும் இந்தியக் குழந்தைகளின் உணவில் புரதத்தின் பங்கு பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது என்றும், அவர்கள் வயிறார உண்ணாததுதான் குறை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். தாய்ப்பாலின் ஆற்றலில்கூடப் புரதத்தின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடே என்பதைக் கருதினால் இவ்வாதத்தின் வலிமை விளங்கும். போதிய ஆற்றல் கிடைக்காத உடல், உண்ட புரதத்தையும் எரிபொருளாக எரித்துவிடுகிறது. ஆகவே பசித்த குழந்தைக்குப் புரத மாவை மட்டும் ஊட்டுவது, அடுப்பில் விறகுக்குப் பதிலாக நாற்காலியை எரிப்பதற்கு ஒப்பாகும். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. அதன் இயக்குநராக இருந்த கோபாலனும் உடன்பணியாளர்களும் 1971-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து மதிப்பு நூல், அய்க்ராய்டின் அட்டவணைகளின் நேரடி வழித்தோன்றல்.

மொத்தமே முதன்மை என்னும் இந்தப் பார்வை அரசின் கணக்கிலும் இடம்பெற்றது. 1979-இல் திட்டக்குழுவின் பணிக்குழு, ஊர்ப்புறத்தில் 2,400, நகர்ப்புறத்தில் 2,100 கலோரி என்னும் அளவை வறுமைக்கோட்டின் அடிப்படையாக்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக் குழந்தையின் வயிற்றை நிரப்பும் சோற்றையும் பருப்பையும் காயையும் ஒரே தட்டில் தந்தது. பின்னர் முட்டையும் சேர்ந்தது. நியாய விலைக் கடைகளில் அரிசியோடு பருப்பையும் பாமாயிலையும் மலிவு விலையில் வழங்கும் ஏற்பாடு 2007-இல் வந்தபோது, விகிதத்தைத் திருத்தும் பணியைக் குடும்ப அட்டையே மேற்கொண்டது எனலாம்.

ஒரே விகிதம், வேறு காலம்

உலகின் மறுபுறத்தில் கேள்வி தலைகீழாகியிருந்தது. மிகுதியாக உண்போரின் இதய நோயைக் கருதி, 1977-இல் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று கொழுப்பை 30 விழுக்காட்டுக்கு இறக்கவும் மாவுச்சத்தை உயர்த்தவும் பரிந்துரைத்தது. 2002-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் மாவுச்சத்து 45 முதல் 65, கொழுப்பு 20 முதல் 35, புரதம் 10 முதல் 35 விழுக்காடு என ஒற்றை எண்ணை விட்டு வரம்புகளாக வகுத்தது. உடல்நலத்தோடு வாழ ஒரே ஒரு விகிதம்தான் உண்டு என்னும் நம்பிக்கையை இந்த அகன்ற வரம்புகள் அமைதியாகக் கைவிட்டன.

இந்தியாவிலும் அந்த மறுபக்கம் வந்து சேர்ந்துவிட்டது. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையினர் பங்கேற்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2025-ஆம் ஆண்டு முடிவுகள், இந்தியர் சராசரியாக ஆற்றலில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தும் 12 விழுக்காட்டைப் புரதத்திலிருந்தும் பெறுவதாகக் கூறுகின்றன. அய்க்ராய்டு 1937-இல் சமநிலை உணவென்று வகுத்தது 63-உம் 11-உம் என்பதை நினைவுகூர்ந்தால், அன்று இலக்காக இருந்த விகிதத்தை நாடு இன்று எட்டிவிட்டதாகவே தோன்றும். ஆயினும் அந்த விகிதத்தை எட்டிய நாட்டில்தான் நீரிழிவு பெருகி நிற்கிறது. அன்றைய பட்டியலில் மாவுச்சத்து கம்போடும் கீரையோடும் பருப்போடும் வந்தது. இன்று பெரும்பகுதி தீட்டிய அரிசியிலிருந்தும் அரைத்த மாவிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது. அன்று ஏர் பிடித்தும் நாற்று நட்டும் செலவிட்ட ஆற்றலை இன்று நாற்காலியில் அமர்ந்த உடல் செலவிடுவதில்லை. உட்கார்ந்து பணிபுரியும் ஆடவருக்கு 2,110, பெண்ணுக்கு 1,660 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வகுத்திருப்பதை, அய்க்ராய்டின் 2,590-உடன் ஒப்பிட்டால் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

2025-ஆம் ஆண்டின் அதே ஆய்வு மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றி வைப்பதனால் மட்டும் நீரிழிவின் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் அமையும்போதே அபாயம் குறைந்திருக்கிறது. சிறுதானியத்தின் பெயரால் தட்டு நிறையக் களியைக் குவிப்பதால் பயனில்லை என்பதே இதன் பொருள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று கூறுவதும் இதே நோக்கத்தை உடையது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது குன்னூர்ப் பட்டியலின் உள்ளார்ந்த அறிவு மீண்டும் துலங்குகிறது. அது கம்பைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. அரிசியைப் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைத்தது, பருப்பை ஒன்றிலிருந்து மூன்றாக்கியது, கீரையையும் பாலையும் தட்டுக்குக் கொண்டுவந்தது. பட்டினியால் மெலிந்தவனுக்காக எழுதப்பட்ட அந்த மாற்றங்கள், எண்ணெயையும் மொத்த அளவையும் மட்டும் சுருக்கிக்கொண்டால், உட்கார்ந்து உண்டு பெருத்தவனுக்கும் ஏறத்தாழ அப்படியே பொருந்துகின்றன. 1877-இல் ஒரு பவுண்டு தானியத்தின்மேல் சிறிது பருப்பு வேண்டுமென்று கார்னிஷ் நடத்திய வழக்கும், இன்று மருத்துவர்கள் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுமாறு விடுக்கும் வேண்டுகோளும் ஒரே தட்டைப் பற்றியவை. விழுக்காடுகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படும்; குழம்புக்கு வேகவைக்கும் பருப்பை ஒரு கைப்பிடி கூட்டுவது எக்காலத்தும் வீட்டளவில் செய்யத்தக்க திருத்தம். அந்தக் கைப்பிடிப் பருப்பை வாங்கும் வசதி எல்லா வீட்டுக்கும் இருக்கச் செய்வதுதான், தாது வருடம் முதல் இன்றுவரை அரசின் முன்னும் சமூகத்தின் முன்னும் நிற்கும் பெரிய கணக்கு.